கப்பலுக்கு நின்ற முந்திரிக்காடு

பன்னாட்டுப் பிரேசிலியல் கழகத்தின் மாநாடு முடிந்த மறுநாள் காலையில், பண்ருட்டிக்குத் தெற்கே நடுமேட்டுக்குப்பத்தைச் சுற்றியிருந்த முந்திரி மரங்களெல்லாம் வேரை உருவிக்கொண்டு கடலைப் பார்க்கப் புறப்பட்டன. மாசி மாதம், மரமெல்லாம் பூவும் பிஞ்சுமாக இருந்த நேரம். பால்கேனோடு வண்டியில் வந்த கலியபெருமாள்தான் முதலில் பார்த்தார். வண்டியை ஓரங்கட்டி, கடைசி மரம் ரோட்டைத் தாண்டும்வரை காலை ஊன்றி நின்றுவிட்டு, டீக்கடைக்குப் போய், "முந்திரிலாம் கெளம்பிடுச்சி" என்று சொன்னார். ஏன் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. எந்தப் பக்கமாகப் போகிறது, காலை பஸ் வருமா வராதா என்றுதான் கேட்டார்கள்.

மரங்கள் யாருக்கும் தொந்தரவு தரவில்லை. கரும்புக் கொல்லையை மிதிக்காமல் வரப்போரமாகச் சுற்றிக்கொண்டு, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை காயப்போட்டிருந்த களத்தைத் தாண்டும்போது தாழ்ந்த கிளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கரண்டுக் கம்பி குறுக்கிட்டால் குனிந்துகொண்டு, கெடிலம் ஆற்றில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் பூ உதிர உதிரக் கிழக்கே நடந்தன. மின்வாரியத்துக்காரர்கள் லைனை நிறுத்திவிட்டு வந்து கைகாட்டி வழியனுப்பினார்கள். கிராம நிர்வாக அலுவலர், தோப்பு என்று இருந்த நிலத்தை இனித் தரிசு என்று எழுதுவதா, இல்லை வெளியூர் போயிருக்கிறது என்று எழுதுவதா என்று தாசில்தாரைப் போனில் கேட்டார். தாசில்தார், இப்போதைக்கு ஒன்றும் எழுத வேண்டாம் என்றார்.

பெண்கள்தான் அதைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள். முந்தின நாள் மத்தியானம், மாநாடு நடந்த மண்டபத்து மொட்டைமாடியில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கியில் உள்ளூர்ப் பிள்ளை திருநாவுக்கரசு பேசியதை, முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டே ஊரில் எல்லோரும் கேட்டிருந்தார்கள். இந்த மரம் பிரேசிலில் பிறந்தது, எவனோ பறங்கி அதைக் கேட்காமல் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான், அதை மரியாதையாகக் கப்பலில் ஏற்றி அதன் மண்ணுக்கே அனுப்பிவைப்பது என்று இந்தக் கழகம் தீர்மானிக்கிறது என்று அவன் தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். தாய்வீட்டுக்குப் போகிறது என்றால் அதை யார் மறிப்பது? வாழவந்த இடத்தில் எத்தனை தலைமுறை இருந்தால் என்ன, பிறந்த வீட்டைப் பார்க்கவேண்டும் என்று இருக்காதா? மஞ்சள் தண்ணீர் கரைத்து வேரில் ஊற்றினார்கள், அடிமரத்தில் குங்குமம் வைத்தார்கள், சிலர் அழுதார்கள். தோப்பு போனால் சோறு எங்கிருந்து வரும் என்ற கேள்வியும் இருக்கத்தான் இருந்தது. ஆனால் இவ்வளவு பெரிய படிப்பு படித்தவர்கள் கூடி முடிவெடுத்திருக்கிறார்கள், நமக்கு ஒரு வழி சொல்லாமலா விடுவார்கள் என்று அதைத் தள்ளிவைத்தார்கள்.

திருநாவுக்கரசு அந்த நேரம் மண்டபத்து வாசலில், வெளிநாட்டு விருந்தாளிகளை விமான நிலைய வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். கடைசி மரங்கள் மண்டபத்துப் பின்பக்கமாகப் போனதை அவன் பார்த்தான். எதனால் போகின்றன என்பது அவனுக்கு உடனே தெரிந்தது. வண்டிக் கதவைச் சாத்திவிட்டு, போய் வாருங்கள் என்று கையசைத்தான்.

அந்தக் கழகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பிரேசிலைப் பற்றிப் பிரேசிலுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு ஆராய்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். கரும்புத் தோட்டம், அடிமைக் கப்பல், காப்பி, காட்டு ஆறுகள், பந்தாட்டம், திருவிழா என்று ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டவர்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு நாட்டில் கூடுவார்கள். நல்ல மனிதர்கள்தான், அடுத்தவர் கட்டுரையைத் தூங்காமல் கேட்பவர்கள். அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கடைசி நாள், சாப்பாட்டுக்குச் சற்று முன்னால், தீர்மான நேரம் என்று ஒன்று வரும். யாராவது எழுந்து எதையாவது வாசிப்பார்கள், எல்லோரும் கையைத் தூக்குவார்கள், நிறைவேறியது என்று தலைவர் சொல்வார். ஓர் ஆற்றிடம் மன்னிப்புக் கேட்பதாக ஒருமுறை தீர்மானம் போட்டார்கள். அழிந்துபோன மொழி ஒன்றை மீட்பதாக இன்னொரு முறை. மூழ்கிய கப்பலில் செத்த அடிமைகள் ஒவ்வொருவருக்கும் பெயர் கண்டுபிடிப்பதாக வேறொரு முறை. கையைத் தூக்காமல் கேள்வி கேட்பவரால் சாப்பாடு தாமதமாகும் என்பதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. இத்தனை வருஷத்தில் எந்த ஆறும் வந்து, என்ன ஆயிற்று என்று விசாரித்ததும் இல்லை.

திருநாவுக்கரசு, கூப்பிடுவது அரசு என்று, புதுச்சேரிக் கல்லூரி ஒன்றில் வரலாறு சொல்லிக்கொடுப்பவன். முந்திரி கடல் கடந்து வந்த கதையைத்தான் ஆராய்ச்சிக்கு எடுத்தான், கோவாவில் போய் இருந்து போர்த்துக்கீசியம் படித்தான், ஊரில் அவனுக்குப் பிரேசில் சார் என்றே பெயர். மாநாட்டை இந்த முறை நடுமேட்டுக்குப்பத்து முந்திரி வியாபாரிகள் மண்டபத்தில், தோப்புகளுக்கு நடுவே வைத்துக்கொள்வோம் என்று எழுதிக் கேட்டு வாங்கியதும் அவன்தான். சின்ன வயதில் வாத்தியார் கேள்வியை முடிப்பதற்குள் கையைத் தூக்குகிற பையன் என்று அவனுக்கு முந்திரிக்கொட்டை என்று பட்டப்பெயர். அந்தப் புத்தி போகவில்லை. தீர்மானத்தை எழுதியவன் அவன். கப்பல் என்ற சொல் முதலில் அதில் இல்லை. அது இல்லாமல் வாக்கியம் மொட்டையாக நின்றதால் சேர்த்தான், படித்துப் பார்த்தான், நன்றாக இருந்தது. ஆங்கிலத்தில் வாசித்தான், போர்த்துக்கீசியத்தில் வாசித்தான். கை தட்டினார்கள். கை தட்டியதால் தமிழிலும் வாசித்தான். அந்த மண்டபத்துக்குள் தமிழில் கேட்கவேண்டியவர் என்று ஒருவரும் இல்லை. ஆனால் ஜன்னலுக்கு வெளியே காதுக்கெட்டிய தூரமெல்லாம் தோப்பு இருந்தது, அந்த மரங்களுக்கு நானூறு வருஷமாகத் தமிழ்தான் பழக்கம்.

அவனுடைய அக்கா பூங்காவனத்துக்கு அதே ஊரில் சின்னத் தோப்பு ஒன்று இருந்தது. அப்பா அம்மா போனபிறகு, கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து தாலியறுத்துத் திரும்பி வந்து, தம்பியைப் படிக்கவைத்தவள் அவள். தோப்பில் விளைந்தது போதாமல் அடுத்தவர் கொட்டையையும் வாங்கி வறுத்து உடைத்தாள். முந்திரி எண்ணெய் பட்டுப் பட்டு அவள் விரலெல்லாம் வெந்து, ரேகை அழிந்து, ரேஷன் கடை மெஷின் அவளை யாரென்று தெரியாது என்றே ஒவ்வொரு மாதமும் சொல்லும். கடைக்காரனிடம் அவள், "ஒன் மிஷினுக்குத் தெரியலன்னா என்னா, எந்தம்பியக் கேளு, பாண்டிச்சேரில பெரிய வாத்தியாரு, அவன் சொல்லுவான் நான் யாருன்னு" என்பாள். வாய் கொஞ்சம் அதிகம்தான். தம்பி புராணம் ஆரம்பித்தால் வரிசையில் நிற்பவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

வேலைக்குப் போகிற அன்று பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் வைத்து அரசு அவளிடம் சொன்னான்: "ரெண்டு வருசம் பொறுத்துக்க யக்கா. வூடு கட்டனதும் ஒனக்குன்னு ஒரு ரூம்பு. ஒன்ன அங்கக் கூட்டிக்கினு பூடறன். இனிமே நீ கொட்ட ஒடைக்க வேணாம்." அவன் வீடு கட்டினான். புதுமனை புகுவிழாவுக்கு வந்த பூங்காவனம் தென்பக்கத்து அறையில் ஓர் இரவு படுத்தாள், காலையில் அங்கிருந்த அலமாரியைச் சாணால் அளந்து பார்த்தாள், துணிமணி வைக்கப் போதும் என்று சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்பினாள். அந்த அறையில் இப்போது கழகத்தின் புத்தகங்கள் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. அறையைப் பற்றி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. ஊரில் அவள் வீட்டுக் கூரையில் சீமை ஓடு உடைந்து மழைக்கு ஏழெட்டு இடத்தில் ஒழுகும். ஓடு மாத்தக்கூடாதா என்று யாராவது கேட்டால், "எதுக்கு வெட்டிச் செலவு, எந்தம்பி கூப்பிட்டுக்கப்போறான், நான் என்னா இங்கியேவா இருக்கப்போறன்" என்பாள். இருபது வருஷத்துக்குப் பக்கமாக ஒழுகுகிற இடத்திலெல்லாம் குண்டான் வைத்துக்கொண்டிருந்தாள்.

மரங்கள் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்து, மணல்மேட்டிலிருந்து அலை நுரைக்கிற இடம்வரை வரிசை வரிசையாக, கிழக்கே பார்த்து நின்றன. பிரேசில் அந்தப் பக்கம் இல்லை. ஆனால் கப்பல் அந்தப் பக்கமிருந்துதான் வரும் என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது. மீனவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், படகு இழுக்க இடமில்லை என்று. அப்புறம் கிளைகளில் வலை உலர்த்தப் பழகிக்கொண்டார்கள். வெள்ளரிப்பிஞ்சு விற்பவளுக்கு நிழல் கிடைத்தது. சாயங்காலம் குடும்பம் குடும்பமாக வந்து, எது யாருடைய மரம் என்று கண்டுபிடித்து, அதனடியில் உட்கார்ந்து சோறு தின்றுவிட்டுப் போனார்கள். ஒரு கட்சிக்காரர்கள் கப்பலைச் சீக்கிரம் அனுப்பக் கோரி உண்ணாவிரதம் இருந்தார்கள். இன்னொரு கட்சிக்காரர்கள் கப்பலில் ஏறும் மரங்களுக்கு அடையாள அட்டை வேண்டும் என்றார்கள்.

அரசு தினமும் கல்லூரி முடிந்ததும் பஸ் பிடித்து அங்கே வந்தான். வராமல் இருக்க முடியவில்லை. வந்தால் நிற்கவும் முடியவில்லை. பிரேசில் சார் வந்துட்டாரு என்று நாற்காலி போட்டார்கள். வியாபாரிகள் சங்கத்துத் தனகோடி, ஊரில் கொட்டை வறுக்கிற உருளையெல்லாம் ஆறிக் கிடக்க, கைக்காசில் ஒரு பொன்னாடை வாங்கிவந்து மைக் வைத்துப் போர்த்தினார். "நம்ம ஊரு புள்ள ஒரு வார்த்த சொல்லி மரமே கெளம்புதுன்னா, அந்த வார்த்தைக்கு எம்மாம் பெறுமானம் இருக்கணும்" என்று அவர் பேசினபோது, பூங்காவனம் முன்வரிசையில் உட்கார்ந்து அக்கம்பக்கத்தைப் பெருமையாகப் பார்த்தாள். பொன்னாடை வெயிலில் கழுத்தை அறுத்தது. அதைக் கழற்றவும் அவனுக்குக் கை வரவில்லை.

படகுக்காரர் தேசப்பன் வந்து பக்கத்தில் குந்தினார். "சார், கப்பலு வடக்கேருந்து வருதா, தெக்கேருந்து வருதா? சொன்னீங்கன்னா வலைய அதுக்குத் தோதா போட்டுக்குவம்."

"பேசிக்கிட்டிருக்கோம். சீக்கிரம் வந்துரும்."

"வந்தாச் சரி" என்று தேசப்பன் எழுந்து போனார்.

வந்துரும் என்று அவன் சொல்லி வாய் மூடவில்லை, முன்வரிசை மரங்கள் மெதுவாக அசைந்து, கடலுக்குள் இன்னும் ஓர் எட்டு வைத்தன. அலை இப்போது அவற்றின் அடிமரத்தை நனைத்தது. அவன் அதைப் பார்த்தான். மறுநாள் வேறொருவர் கேட்டார், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் அதையே சொன்னான், மரங்கள் இன்னோர் எட்டு வைத்தன. அடுத்த சில நாளில் இலை விளிம்பெல்லாம் கருகத் தொடங்கியது. பூ கொட்டியது. பிஞ்சு சுருங்கிக் கறுத்து மணலில் கிடந்தது. பூங்காவனம் கடலூரில் தெரிந்தவர் வீட்டில் தங்கிக்கொண்டு, நல்ல தண்ணீரைக் குடத்தில் சுமந்துவந்து தன் மரங்களின் உப்பைக் கழுவிவிட்டாள். அவளுடைய பெரிய மரம், சின்ன வயதில் அரசு தூளி கட்டி ஆடிய கயிற்றுத் தழும்பு உள்ள மரம், எல்லாவற்றுக்கும் முன்னால், இடுப்பளவுத் தண்ணீரில் நின்றது.

அவன் கழகத் தலைவருக்குப் போன் போட்டான். இங்ரிட் என்ற அந்த அம்மாள் டென்மார்க்கில் இருந்தார், நல்ல குரல். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"தீர்மானத்தை ரத்து செய்யச் சொல்கிறீர்களா அரசு? திருப்பித் தருகிறோம் என்று சொல்லிவிட்டு, இப்போது தரமாட்டோம் என்பதா? அது எவ்வளவு அசிங்கம். அதுவும் பொதுக்குழு கூடாமல் முடியாது."

"பொதுக்குழு இரண்டு வருஷம் கழித்துத்தானே?"

"ஆமாம்."

"அப்படியானால் ஒரு கப்பல்..."

"கப்பல் ஓர் உணர்வு அரசு, நீங்கள்தானே அழகாக எழுதினீர்கள். அந்த மரங்கள் அதை அப்படியேவா எடுத்துக்கொண்டன? சரி, ஒரு துணைக்குழு போடலாம். நீங்களே அமைப்பாளராக இருங்கள்."

அவன் நன்றி சொன்னான். நன்றி சொன்னதை நினைத்து அன்றைக்கெல்லாம் அவனுக்கு உடம்பு கூசியது.

மாநாட்டுக்கு வந்தவர்களில் பிரேசிலிலேயே பிறந்தவர் ஒதிலோன் ஒருவர்தான். அவரையும் கூப்பிட்டான். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "எங்கள் கரையோரமெல்லாம் முந்திரிதான் அரசு. போதுமானது இருக்கிறது. யாரும் திருப்பிக் கேட்கவில்லையே. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"நீங்கள் கை கழுவப் போயிருந்தீர்கள்."

"சாப்பாட்டு நேரமாயிற்றே" என்றார் ஒதிலோன். அப்புறம் தயங்கி, "அந்த மரங்கள் உங்களை நம்புகின்றன. எங்களுக்கு அந்த அனுபவம் இல்லை. என்ன செய்வது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை" என்றார்.

செய்யவேண்டியது என்ன என்று அரசுக்குத் தெரியும். மரங்கள் கடலுக்குள் போனது அவன் வார்த்தையைக் கேட்டு. திரும்புவதானாலும் அவன் வார்த்தையைக் கேட்டுத்தான் திரும்பும். ஆனால் ஊரே கூடியிருக்கிற இடத்தில், பொன்னாடை போர்த்திய தனகோடிக்கு முன்னால், அக்காவுக்கு முன்னால், நான் சொன்னது வெறும் வாய்ப்பேச்சு என்று சொல்லவேண்டும். யாருமில்லாத நேரம் பார்த்து மரத்திடம் மட்டும் சொல்லிவிடலாமா என்று யோசித்தான். ஒரு காலையில் ஆள் வருவதற்கு முன் போயும் பார்த்தான். தூளி மரத்தின் பட்டையில் கை வைத்ததும், அது நல்ல சேதிக்குக் காத்திருப்பதுபோல, மிச்சமிருந்த நாலு இலையையும் அவன் பக்கம் திருப்பியது. பேச வாய் வராமல் கரையேறி வந்துவிட்டான். அன்றைக்கு அவனுக்குத் தன்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பிரேசில் சார் இன்றைக்குக் கப்பல் தேதி சொல்லப்போகிறார் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். காலையிலேயே நடுமேட்டுக்குப்பம் லாரி பிடித்து வந்து இறங்கியது. மண்டபத்துக் குழாய் ஒலிபெருக்கியையே கழற்றிக்கொண்டுவந்து ஒரு படகின் கொம்பில் கட்டியிருந்தார்கள். வழிச்செலவுக்கு என்று மரங்களுக்குப் பானைகளில் செம்மண் கட்டி எடுத்துவந்திருந்தார்கள், போகிற இடத்தில் மண் ஒத்துக்கொள்கிறதோ இல்லையோ என்று. பூங்காவனமும் ஒரு பானை வைத்திருந்தாள். தூளி மரத்துக்கு நேரே ஈர மணலில், புடவையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அவன் கடலைப் பார்த்து நின்றான்.

"கப்பல் இல்ல" என்றான்.

என்னிக்கு என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"என்னிக்கும் இல்ல. கப்பல் வராது. யாரும் கப்பலுக்கு ஏற்பாடு பண்ணல. பிரேசில்ல யாரும் ஒங்களக் கேக்கவும் இல்ல. சாப்பாட்டுக்கு நேரமாயிடுச்சின்னு எல்லாரும் கையத் தூக்கனோம். படிச்சா நல்லாருக்குன்னு நாந்தான் கப்பல்னு எழுதனன். செய்யப்போறதில்லன்னு எழுதும்போதே எனக்குத் தெரியும். அப்புறமும் வந்துரும் வந்துரும்னு சொன்னன். அதுவும் பொய்தான். சும்மா சொன்னன். ஒங்க ஊட்டுக்குப் போயிடுங்க."

ஒலிபெருக்கி அதைக் கரையெல்லாம் கொண்டுபோயிற்று. யாராவது திட்டினால் நன்றாக இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. யாரும் திட்டவில்லை. தாங்கள் பார்த்தால் அவனுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்து ஒவ்வொருவராகப் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். தனகோடி கீழே குனிந்து செருப்பிலிருந்த மணலைத் தட்டினார். தேசப்பன் போய் மரக்கிளைகளிலிருந்து வலைகளை உருவத் தொடங்கினார்.

பிறகு மரங்கள் திரும்பின. முதலில் பின்வரிசை, அப்புறம் நடுவில் நின்றவை, கடைசியில் கடலுக்குள் நின்றவை, உப்பு நீர் சொட்டச் சொட்ட, பாசி பிடித்த வேரை மணலில் இழுத்துக்கொண்டு, வந்த வழியே மேற்கே நடந்தன. அவற்றுக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. அவன் நின்ற இடத்துக்கு வந்தபோது, வழியில் ஒரு குழந்தை நின்றால் எப்படி ஒதுங்குமோ அப்படி, மேலே படாமல் இரண்டு பக்கமும் பிரிந்து போயின. தூளி மரம் கடைசியாக வந்தது. அதுவும் அப்படியே ஒதுங்கித்தான் போயிற்று.

பூங்காவனம் எழுந்து புடவையில் ஒட்டியிருந்த மணலை உதறினாள். பானையைக் கவிழ்த்து மண்ணைக் கீழே கொட்டினாள். அவனிடம் வந்தாள்.

"சும்மாதான் சொன்னியா?"

"ஆமாக்கா."

"சொல்லும்போதே தெரியுமா ஒனக்கு, செய்யமாட்டன்னு?"

"தெரியும்."

அவள் அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். மரத்தைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று அவன் நினைத்தான். அப்புறம் அவள் முகத்தில், கணக்குப் பார்த்து முடித்தவர்கள் முகத்தில் வருகிற ஒரு நிதானம் வந்தது. "சரி. வெயிலு ஏறுது. நீ எதனா சாப்புட்டியா?" என்று கேட்டாள். அவன் தலையாட்டினான். காலிப்பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தூளி மரத்துக்குப் பின்னாலேயே கெடிலத்துக்குள் இறங்கி அவள் நடந்தாள். திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றான். அவள் பார்க்கவில்லை.

மரங்கள் தத்தம் குழிக்குப் போய் நின்றுகொண்டன. சில கொஞ்சம் சாய்வாக நின்றன, சில பக்கத்துக் குழியில் மாறி நின்றுவிட, சொந்தக்காரர்கள் பேசி முடித்துக்கொண்டார்கள். கிராம நிர்வாக அலுவலர், ஒன்றும் எழுதாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று என்றார். அந்த வருஷம் காய்ப்பு பாதிக்குப் பாதிதான். பழத்தைக் கடித்தால் லேசாக உப்புக் கரித்தது. உப்புத் தொட்டுக்கொள்ள வேண்டியதில்லை என்று ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. அரசுவைப் பற்றி யாரும் தப்பாகப் பேசவில்லை. பிரேசில் சார் என்று கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டார்கள். கழகம் அவனுடைய துணைக்குழு அறிக்கை எப்போது வரும் என்று கேட்டு எழுதியது. அவன் பதில் எழுதவில்லை.

அக்கா கேட்டது மரத்தைப் பற்றியல்ல என்பது அவனுக்கு உறைக்க ஒரு வாரம் ஆயிற்று. வகுப்பில் பேசிக்கொண்டே இருந்தவன் அப்படியே நிறுத்தி, சாக்பீஸை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான். தென்பக்கத்து அறையிலிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப்போட்டான். அலமாரியைத் துடைத்தான். மனைவி என்ன என்று கேட்டதற்கு, அக்காவைக் கூட்டிக்கொண்டு வரப்போகிறேன் என்றான். அவள், இப்பவாவது என்று சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்துவந்தாள். மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறினான். பண்ருட்டியில் இறங்கி, மினி பஸ் பிடித்து, முந்திரிக்காட்டு வழியாக நடக்கும்போது, என்ன சொல்வது என்று மனசுக்குள் எழுதிப் பார்த்துக்கொண்டே போனான். வாக்கியம் நன்றாக வந்தது. நன்றாக வந்ததுமே அவனுக்குப் பயமாகப் போயிற்று.

பூங்காவனத்தின் வீட்டில் ஏணி சாத்தியிருந்தது. கூரைமேல் ஓர் ஆள் உட்கார்ந்து உடைந்த ஓடுகளை எடுத்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தான். வாசலில் புது ஓடு அடுக்கடுக்காக இருந்தது. ஒழுக்குக்கு வைத்திருந்த குண்டான்களெல்லாம் கழுவிக் கவிழ்த்து வெயிலில் காய்ந்தன. அவள் கீழே நின்று இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்து, "நல்லா நெருக்கிப் போடுய்யா, சும்மா ஒப்பேத்தாத. இன்னம் எத்தினி வருசம் நான் இந்த வூட்ல கெடக்கணும்" என்று மேஸ்திரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. எப்போதும்போலத்தான் மலர்ந்தது. "வாடா, இப்பிடி வெயில்ல வந்திருக்கிற" என்றாள்.

"யக்கா" என்றான்.

வீட்டைச் சுற்றியிருந்த முந்திரி மரங்களில் இலை அசைவு நின்றது. காற்று இருந்தது, அவன் சட்டை படபடத்தது, மரங்கள் மட்டும் அசையவில்லை. தூளி மரத்தின் கிளை ஒன்று கூரைக்குப் பக்கத்தில் தாழ்ந்து, காது கொடுத்து நின்றது. பூங்காவனமும் என்ன என்பதுபோல அவனைப் பார்த்தாள். எழுதிவைத்திருந்த வாக்கியம் முழுசாக வாயில் இருந்தது. அது உண்மைதான், இந்த முறை உண்மையேதான். ஆனால் பஸ் ஸ்டாண்டில் சொன்ன அன்றைக்கும் அது இதே மாதிரி உண்மையாகத்தான் இருந்தது. அவனால் சொல்ல முடியவில்லை.

"சும்மா நிக்காதடா" என்றாள் பூங்காவனம். "மேஸ்திரி ஒத்த ஆளா திண்டாடறாரு. அந்த ஓட்ட எடுத்துக் குடு."

அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஏணியில் ஏறி நின்றான். அவள் கீழேயிருந்து ஒவ்வொரு ஓடாக எடுத்து நீட்டினாள். அவன் வாங்கி மேலே கொடுத்தான்.